ஜெரோடிச் ஜெயித்த மாடு

கயிற்றை விட்டுவிடலாமா என்று கிமுத்தாய் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாடு அவனுடைய சட்டைக் கையை மென்றுகொண்டிருந்தது. இருந்த ஒரே நல்ல சட்டை அது.

"பசிக்குதோ என்னவோ, விடுண்ணா" என்றாள் தங்கை ஜெரோடிச். ஓடி முடித்த வியர்வை அவள் நெற்றியில் இன்னும் காயவில்லை.

"கோச் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

"எனக்கு நல்லா இருக்கு. கயித்தை வாங்கினது நீதானே?"

அதுதான் வம்பு. அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஜெரோடிச்சுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. கல்லூரிக்காக ஓட வேண்டும். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பயிற்சியாளர் ஹால்வர்சன் அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். வந்து சேரும்வரை எந்தப் பந்தயத்திலும் பரிசு வாங்கக் கூடாது. வாங்கினால் தொழில்முறை ஓட்டக்காரி. கல்லூரிக் கதவு அப்புறம் திறக்காது.

ஜெரோடிச் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஓடியது பயிற்சிக்காகத்தான். முதலில் வந்தாள். "எனக்குப் பரிசு வேண்டாங்க" என்று ஒலிபெருக்கிக்காரரிடம் முறையாகச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அதுவரை எல்லாம் சரி.

ஆனால் பந்தயத்தை நடத்திய பெட்ரோல் பங்க் முதலாளி சேரோனோ, வரும் தேர்தலில் நிற்கிறவர். மேடையில் மாட்டின் கயிற்றை உயர்த்திப் பிடித்து, "இந்தப் பொண்ணு வீட்டு ஆம்பளை யாரு? வா மேல!" என்றார். அப்பா லாரியோடு மொம்பாசா துறைமுகத்துக்குப் போயிருந்தார். கூட்டம் கிமுத்தாயைப் பார்த்தது. எல்டோரெட் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த மலையில், நீட்டிய மாட்டை வேண்டாம் என்று சொன்னவர் யாரும் இதுவரை இல்லை. அவன் கை தானாகப் போய்விட்டது. சிரித்துக்கூட விட்டான்.

செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, இடது கொம்பு மட்டும் கீழ்நோக்கி வளைந்திருந்தது. நல்ல மாடுதான். சினையாக வேறு இருந்தது.

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றான் கிமுத்தாய்.

மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் சேரோனோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"திருப்பித் தர்றியா? என் மாட்டுக்கு என்னடா குறை?"

"குறை ஒண்ணும் இல்லீங்க ஐயா. தங்கச்சி படிக்கப் போகுது..."

"மாடு இருந்தா படிப்பு ஏறாதா? இது சந்தையில பிடிச்ச மாடு இல்லடா. எங்கப்பா கொட்டகையில பொறந்த வம்சம்! எதிர்க்கட்சிக்காரன் எவன்டா உன்னை அனுப்பினான்?"

"ஐயா, சத்தியமா யாரும் அனுப்பல."

"அப்ப ஓட்டிட்டுப் போ. சேரோனோ குடுத்த மாடு திரும்பி வந்துச்சுன்னு ஊர்ல பேசினா நான் எப்படி ஓட்டுக் கேக்கறது?"

பேசியதோடு அவர் நிற்கவில்லை. சாயங்காலம் முச்சந்தியில் ஒரு பேனர் தொங்கியது. 'சொன்னதைக் கொடுப்பவர் சேரோனோ' என்று எழுதி, அதற்குக் கீழே மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி, பல் முழுவதும் தெரியக் கிமுத்தாய்.

பேனரைப் பார்த்துவிட்டு முதலில் வந்தவன் ஃபாபியோ. இத்தாலிக்காரன், ஓட்டக்காரர்களின் ஏஜென்ட். மலைக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. உள்ளூர்க்காரன் போலவே உகாலிக் களியைக் கையால் உருட்டிச் சாப்பிடுவான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று ஜெரோடிச்சை ஆறு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்தான். அன்று காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. மாடு நக்குவதற்கு ஒரு உப்புக்கட்டி கொண்டுவந்திருந்தான்.

"மாடு பிரமாதம்" என்று அதன் முதுகைத் தட்டினான். "கோச் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டிய அவசியம் இல்ல" என்றான் கிமுத்தாய்.

"நான் சொல்ல மாட்டேம்பா. பேனர் சொல்லும்." உப்புக்கட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டு ஜெரோடிச் பக்கம் திரும்பினான். "எதுக்கும்மா நாலு வருஷம் வீணாக்கற? உன் காலு இப்ப ஓடுது, இப்பவே ஓடு. ஐரோப்பா பூரா சுத்தலாம்."

"செலிமோகூட சுத்தினா" என்றாள் ஜெரோடிச்.

ஃபாபியோ மாட்டைப் பார்த்துக்கொண்டான். செலிமோ ஜெரோடிச்சின் தோழி. பள்ளிக்கூடம் முடிக்காமலே ஒப்பந்தம் போட்டாள். எந்தெந்த ஊரில் ஓடினாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. இப்போது முழங்கால் போய், முச்சந்தியில் சப்பாத்தி போடுகிறாள். அவளுடைய முழங்காலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் அவளுக்குச் சரியாகச் சொன்னதில்லை. ஜெரோடிச் படிக்க நினைத்தது அதைத்தான், முழங்கால்களைப் பற்றி.

"மாட்டைக் கண்ணுல படாம வெச்சுட்டா போதும்" என்று கிமுத்தாய் முடிவுசெய்தான். அடுத்த மேட்டில் இருந்த சிநேகிதன் கிபிவோட்டிடம் அதை ஓட்டிக்கொண்டு போய், வளர்க்கச் சொல்லி விட்டுவிட்டு வந்தான்.

அம்மா சிரித்தாள். "உங்கப்பாவுக்குத் தப்பாமத்தான் பொறந்திருக்கே. அவர் மாட்டுல பாதி ஊரான் கொட்டகையிலதான் நிக்குது. எது எங்க நிக்குதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்கு ஒவ்வொண்ணும் தெரியும். நான் வாங்கிட்டு வரச் சொன்ன சர்க்கரைதான் ஞாபகம் இருக்காது."

"அம்மா, அப்பா குடுக்கறது பெருமைக்கு. நான் ஒளிக்கறேன்."

"மாட்டைக் குடுத்து வெச்சு எவன்டா ஒளிச்சான்?"

அவள் சொன்னது அவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. வளர்க்கக் கொடுத்த மாட்டின் பால் வளர்ப்பவனுக்கு. கன்றும், கன்றின் கன்றும், கொடுத்தவனுக்கு. எத்தனை தலைமுறை ஆனாலும் அப்படித்தான். ஆகவே ஒரு மாட்டை இன்னொருவன் கொட்டகையில் விடுவதைவிட, 'இது என் மாடு' என்று ஊருக்கு உரக்கச் சொல்ல வேறு வழியே கிடையாது. கிபிவோட்டும் தன் பங்குக்குச் சொன்னான். தேவாலயத்தில் சொன்னான், மாவு மில்லில் சொன்னான். "கிமுத்தாய் என்னை நம்பி மாடு விட்டிருக்கான்!" வழியில் பார்த்தவர்கள் கிமுத்தாயை நிறுத்திக் கை குலுக்கினார்கள். ஒரு பெரியவர் தனக்குக் கல்யாண வயதில் மகள் இருப்பதை எதற்கோ குறிப்பிட்டார்.

"அண்ணா, ஒரு யோசனை" என்றாள் ஜெரோடிச். "நீ இனிமே எதுவும் செய்யாம இரேன்."

அவன் கேட்கவில்லை. பேனரில் இருந்த தன் முகத்தின் மீது ஒரு கை நிறையச் சேற்றை அள்ளிப் பூசிவிட்டு வந்தான். எதிர்க்கட்சியின் சதி என்று கொதித்த சேரோனோ, மறுநாள் இன்னும் பெரிதாக மூன்று பேனர் கட்டினார்.

ஹால்வர்சன் அம்மா அடுத்த வாரம் வருவதாக இருந்தது. இந்த வாரமே வந்துவிட்டார். எல்டோரெட்டிலிருந்து வர ஒரே சாலைதான். அது முச்சந்தி வழியாகத்தான் வரும்.

உயரமான பெண்மணி. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கிமுத்தாயின் அம்மா, உள்ளே கரி தடவிய குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுத்த புளித்த பாலை, கரி வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். அதிலேயே அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அந்தப் பக்கமாக வந்தேன் என்று ஃபாபியோவும் வந்து உட்கார்ந்தான். வந்தவனை எழுந்து போ என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"வர்ற வழியில மூணு பேனர்ல உங்க முகத்தைப் பார்த்தேன்" என்றார் ஹால்வர்சன் அம்மா. "தேர்தல்ல நிக்கிறீங்களா?"

"நானா? இல்ல மேடம். அது... மாடுதான் நிக்குது."

ஜெரோடிச் டம்ளருக்குள் சிரித்தாள்.

"உங்க மாடா?"

கிமுத்தாய் கையை அகல விரித்தான். "இங்க எல்லார் வீட்டுலயும் மாடு இருக்கும் மேடம்."

"இருக்கட்டும், நல்லதுதானே. உங்க வீட்டு மாடு எத்தனை இருந்தாலும் எனக்கென்ன? பரிசா வர்ற மாடுதான் எனக்கு ஆகாது." அவரே தன் பேச்சுக்குச் சிரித்தார். "சிரிக்கறேன், ஆனா போன வருஷம் ஒரு பையன் பரிசா வாங்கின ஒரு மோட்டார் சைக்கிளால இடத்தைக் கோட்டை விட்டான். நல்ல பையன். நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், நடக்கல."

"ஐயோ பாவம்" என்றான் ஃபாபியோ, இன்னொரு டம்ளர் பால் ஊற்றிக்கொண்டு.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே ஒரு மாடு கத்துவதும் கேட்டது. கிமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டான்.

வளர்ப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. மாடு கன்று போட்டால் அவனே நேரில் வந்து சொந்தக்காரனிடம் சொல்ல வேண்டும். கிபிவோட் கடமை தவறாதவன். கன்றைப் பெட்ரோல் டாங்கின் மேல் மடியோடு அணைத்து உட்கார வைத்துக்கொண்டு வந்திருந்தான். அதன் பின்னால் தாய், வளைந்த கொம்பை ஆட்டிக்கொண்டு.

"டேய் கிமுத்தாய்! உன் மாடு ராத்திரி கன்னு போட்டுடுச்சுடா! கிடேரி!" என்று வாசலிலிருந்தே கூவினான். "உன் தங்கச்சி கால் ராசிடா! ஒரே ஒரு பந்தயம் ஓடினா, ரெண்டு மாடு ஜெயிச்சுட்டா!"

கன்றும் ஒருமுறை கத்தியது.

ஹால்வர்சன் அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவர் மாட்டைப் பார்த்தார், பிறகு கிமுத்தாயின் முகத்தைப் பார்த்தார். பேனரில் பார்த்த இரண்டும் இப்போது ஒரே இடத்தில் நின்றன.

"அவர் என்ன சொல்றார்?"

பொய் சொல்லலாம் என்று கிமுத்தாய்க்குத் தோன்றியது. இதுவரை செய்த ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தான். உண்மையைச் சொன்னான். மேடை, கயிறு, பெட்ரோல் பங்க், சேறு, எல்லாம்.

"அவ வேண்டாம்னுதான் சொன்னா மேடம். கையை நீட்டினது நான். தப்பு என்னோடது."

"எனக்குப் புரியுது. ஆனா குடும்பத்துல யார் வாங்கினாலும் அவ வாங்கின மாதிரிதான்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கல்லூரியில நான் போய் என்ன சொல்றது?"

ஃபாபியோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவசரமே காட்டாமல் அதை மேசையில், ஜெரோடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தான். "இது இங்க சும்மா இருக்கட்டும்" என்றான்.

ஜெரோடிச் கிண்டல் எதுவும் செய்யவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், கன்றை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கித் தாயிடம் விட்டாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

"திட்டவாவது திட்டேன்" என்றான் அவன், பின்னாலேயே போய்.

"திட்டினா மாடு போயிடுமா?" அவள் குரல் உடைந்திருந்தது. "செலிமோகிட்ட போய்ச் சொல்லணும். நான் படிச்சுட்டு வந்து அவ முட்டியைப் பார்க்கறேன்னு சொல்லியிருந்தேன்."

அப்போது முச்சந்திப் பக்கம் லாரி ஹாரன் நீளமாகக் கேட்டது. அப்பா. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வருகிறவர், தோளில் பையோடு வேலிக்குள் நுழைந்து, மனைவியையும் பார்க்கவில்லை, வெள்ளைக்காரர்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேராக மாட்டிடம் போனார். சுற்றி வந்தார். நெற்றி வெள்ளையைத் தடவினார். வளைந்த கொம்பைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"சர்க்கரை வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள் அம்மா.

அவர் காதில் அது விழவில்லை. "இது எப்படி இங்க வந்துச்சு?"

"சேரோனோ பந்தயத்துல பரிசாக் குடுத்தார்ப்பா" என்றான் கிமுத்தாய், இனி யார் திட்டினால் என்ன என்ற குரலில். "அவங்கப்பா கொட்டகை வம்சமாம்."

அப்பா கொம்பை விடாமலே திரும்பினார்.

"ஜெரோடிச் பொறந்த வருஷம் இதோட பாட்டியை அவங்கப்பன்கிட்ட வளர்க்க விட்டதே நான்தான்டா! நம்ம மாட்டை நமக்கே பரிசாக் குடுத்தவன், இதோட அக்கா தங்கச்சிங்களை எல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்?"