அப்பாவை மைக்கில் கொன்ற கதை

இருபத்து மூன்று வயதில் எனக்குப் புரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. அப்படி ஏதாவது மிச்சமிருந்தால் அது பிரெஞ்சு மொழியில் இருந்தது. அதையும் யாராவது தமிழாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டால், படித்து முடிப்பதற்கு முன்பே அடுத்தவருக்கு விளக்கக் கிளம்பிவிடுவேன். அந்தத் திமிரில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், ஊரே கூடி உட்கார்ந்திருக்க, என் சொந்த அப்பாவை மைக் வைத்துக் கொன்றேன். அவர் அப்போது வீட்டில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரில் தங்கி தமிழில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கழகத்தின் ஆட்சி போய் இன்னொரு கழகத்தின் ஆட்சி வந்திருந்தது. ஊரெல்லாம் அதையே பேசினார்கள். எங்களுக்கு அதெல்லாம் அற்ப விஷயம். 'எங்களுக்கு' என்றால், சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் சனிக்கிழமைதோறும் கூடிய எங்கள் வாசகர் வட்டத்துக்கு. அமைப்பியல், கட்டுடைப்பு, மற்றமை, பெருங்கதையாடல் என்று மாறி மாறிப் பேசுவோம். கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். (மாடியிலும் காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை.)

வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டேன்.

"அம்மா, சாம்பார்னு தனியா ஒண்ணு கிடையாது. இது ரசம் இல்ல, மோர்க்குழம்பு இல்ல. அதனாலதான் இது சாம்பார். வேறுபாட்டுலதான் அர்த்தமே இருக்கு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்ப உனக்கு ஊத்தணுமா, வேண்டாமா?"

ஊற்றச் சொன்னேன். கோட்பாடு வேறு, பசி வேறு.

அப்பா மட்டும் பொறுமையாகக் கேட்பார். அவர் பெயர் தேவசகாயம். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். நேரில் பார்த்தால் எல்லோருக்கும் 'சார்'. மேடை என்று வந்துவிட்டால் 'ஆசிரியர்'. தேவசகாயம் என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஊரில் யாரும் கிடையாது. கொஞ்சம் கவனித்திருந்தால் இந்த ஒரு தகவலே என்னைக் காப்பாற்றியிருக்கும்.

அந்த வருஷம் அறுப்புத் தகராறு முற்றியிருந்தது. மிராசுதார் வைத்திலிங்கம் சம்பா அறுப்புக்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கப்போவதாகப் பேச்சு. நாற்று நட்டது நாங்கள், களை பறித்தது நாங்கள், அறுப்பு மட்டும் அடுத்த ஊருக்கா என்று சங்கத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அறுப்புக்கூலியாக வரும் நெல்தான் பல வீடுகளில் கோடை வரைக்கும் உலை கொதிக்க வைப்பது. தாசில்தார் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், சரிப்படவில்லை. போன வருஷம் பக்கத்து ஊரில் இதே சண்டையில் வரப்பு மேல் போலீஸ்காரர்கள் நின்று, இரண்டு பக்கமும் மண்டை உடைந்திருந்தது. இந்த வருஷம் லாரி வந்தால் என்ன செய்வது என்று அப்பா அறிவிக்க வேண்டும். அதற்குத்தான் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்துத் திடலில் அந்தக் கூட்டம்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பா வரவில்லை. வக்கீலைப் பார்க்கக் கும்பகோணம் போனவர் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. சங்கச் செயலாளர் கோவிந்தராசு அண்ணன் என்னிடம் ஓடி வந்தார்.

"எஸ்தரு, அப்பா வர்ற வரைக்கும் நீ எதாச்சும் பேசிக்கிட்டு இரும்மா. சனம் எந்திரிச்சுப் போயிடும்."

"என்ன பேசறதுண்ணே?"

"தஞ்சாவூர்ல படிக்கிற பொண்ணு. உனக்கா தெரியாது."

அதற்கு மேல் என்னை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. மேடை ஏறினேன். மைக் செட்டுக்காரர் என் உயரத்துக்கு மைக்கை இறக்கினார். அது ஒரு தடவை கீச்சிட்டது. அந்த செட்டில் எது பேசினாலும் பாதி எழுத்துதான் வெளியே வரும். மீதியைக் கேட்பவர்கள் சொந்தப் பொறுப்பில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பாட்டாளிகளிடம் நேரடியாகக் கோட்பாட்டைக் கொண்டுபோகும் முதல் தமிழ்ப்பெண் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நூலை எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று தேடுவது வீண், எழுதி முடித்த கணத்தில் எழுத்தாளர் செத்துப்போகிறார் என்ற கருத்தை எடுத்துக்கொண்டேன். எழுத்தாளர் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வட்டத்து ஜெராக்ஸில் 'ஆசிரியர்' என்றுதான் இருந்தது. நான் ஜெராக்ஸுக்கு விசுவாசமானவள்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்:

"ஆசிரியர் இறந்துவிட்டார்."

திடல் அப்படியே அடங்கியது. ஆகா, முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. மகிழ்ச்சியோடு சொல்கிறேன். இத்தனை காலம் அவர் சொன்னதுதான் அர்த்தம் என்று கட்டுப்பட்டுக் கிடந்தோம். இனி நமக்கு விடுதலை."

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தடுமாறி எழுந்தார். "எப்பம்மா?"

இப்படி ஒரு கேள்வி சைக்கிள் கடை மாடியில்கூட வந்ததில்லை. உற்சாகமாகிவிட்டது. "அது எப்பவோ நடந்துவிட்டது அய்யா. நமக்குத்தான் சேதி தாமதமாக வந்திருக்கிறது."

"எங்கேருந்தும்மா சேதி?"

"பிரான்ஸ்."

"பிரான்சிஸா?"

கிராமத்து நாக்கில் பிரான்ஸ் அப்படித்தான் வரும் என்று பெருந்தன்மையோடு தலையாட்டினேன். எங்கள் ஊருக்குத் தந்தி கொண்டுவரும் தபால்காரர் பெயர் பிரான்சிஸ் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து செல்லம்மா அக்கா எழுந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். ஒரு கோட்பாட்டை இவ்வளவு ஆழமாக உள்வாங்கிய கூட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

"அழாதீர்கள்," என்றேன். "ஆசிரியர் போனால் என்ன? பிரதி நம்மிடம் இருக்கிறது."

மைக் செட் தன் வேலையைக் காட்டியது. எழுதிய நூலுக்கு எங்கள் வட்டத்தில் பிரதி என்று பெயர். அது திடலில் 'பிரேதம்' என்று போய் விழுந்தது.

"அந்தப் பிரதி யாருக்கும் சொந்தமில்லை. ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம். நாம் எல்லோரும் சேர்ந்து அதைக் கட்டுடைப்போம்."

ஒப்பாரி ஒரு கட்டை மேலே ஏறியது. பின்னால் யாரோ, "பெத்த பொண்ணு பேசற பேச்சா இது," என்றார். இன்னொருவர், "அதிர்ச்சிய்யா. மூளை கலங்கிடுச்சு. பாவம்," என்றார். இரண்டும் என் காதில் விழுந்தன. பெத்த பொண்ணு என்றதுதான் நெருடியது. எந்தப் பெண்ணைச் சொல்கிறார்கள்?

அதற்குள் பாலத்தின் மேல் ஆட்கள் வருவது தெரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் மிராசுதார் வீடு. குழாய் ஒலிபெருக்கியை வேண்டுமென்றே அவர் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள், திட்டுவது நன்றாகக் கேட்கட்டும் என்று. நான் சொன்னதும் நன்றாகவே கேட்டிருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்திலிங்கம் வேகவேகமாக வந்தார். பின்னால் அவருடைய காரியஸ்தர் குடையோடு வந்தார். (மழை இல்லை. அவர் எப்போதும் குடையோடுதான் வருவார்.) கூட்டம் வழி விட்டது. மிராசுதார் மேடையேறி என் தலையில் கை வைத்தார்.

"தைரியமா இரும்மா. அப்பா இல்லைன்னு நினைக்காதே. நாங்கல்லாம் இருக்கோம்."

அப்போதுதான் புரிந்தது. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். நான் கோவிந்தராசு அண்ணனைத் தேடிப் போனேன். அவர் மேடைக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பா சாகலைண்ணே."

"என்னம்மா சொல்றே?"

"நான் சொன்னது வேற ஆசிரியர்."

"எந்த ஊரு ஆசிரியர்?"

"எந்த ஊரும் இல்லண்ணே. பொதுவா. எல்லா ஆசிரியரும்."

அதற்குள் மிராசுதாரின் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது.

"பதினைஞ்சு வருசமா என்னோட மல்லுக்கு நின்னாரு. ஒரு நாளும் மரியாதை இல்லாம ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் கடைசியா எங்கிட்ட கேட்டது ஒண்ணுதான். அறுப்புக்கு வெளியூர் ஆள் வேண்டாம்னாரு. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன்." மூக்கைச் சிந்தினார். "அவர் ஆத்மா சாந்தியடையணும். இந்த அறுப்புக்கு உள்ளூர் ஆளுதான். மைக்ல சொல்றேன்."

கோவிந்தராசு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. என் கையைக் கெட்டியாகப் பிடித்தார்.

"இப்ப எதுவும் சொல்லாதே. அவரு பேசி முடிக்கட்டும்."

இதே நேரத்தில் வீட்டில் நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். அப்பா யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு சுற்றுவழியாக ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். சர்க்கரை உடம்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மேடை ஏறலாம் என்று வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். சங்கப் பொருளாளர் மாரிமுத்து சேதி சொல்ல ஓடி வந்து வாசலிலேயே விழுந்தாராம்.

"அம்மா, சார் நம்மளை எல்லாம் விட்டுட்டுப் போயிட்டாரு."

"எங்க போனாரு? உள்ளதான சாப்பிடறாரு."

மாரிமுத்து எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து அப்பாவும் தட்டோடு எட்டிப் பார்த்தார். "வாப்பா மாரிமுத்து, ஒரு வாய் சாப்பிடறியா?"

மாரிமுத்துவுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்ததாம்.

அப்பா வாய்க்கால் கரையோடு வந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அவரை முதலில் பார்த்தது காரியஸ்தர். ஒரு சத்தமும் போடவில்லை. குடையோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். அடுத்துப் பார்த்த செல்லம்மா அக்காவின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கியது. அம்மா மட்டும், "ஏன் அழறீங்க, இதோ நல்லாத்தான இருக்காரு," என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அப்பா மேடையேறினார். மிராசுதார் கையில் மாலையோடு அசையாமல் நின்றார்.

"என்னங்க சார் இது?" அவர் குரல் நடுங்கியது. பயமா கோபமா தெரியவில்லை. "உங்க பொண்ணுதான் மைக்ல சொல்லிச்சு."

"கேள்விப்பட்டேன். நீங்க சொன்னதையும் கரையோட கேட்டுக்கிட்டே வந்தேன். ரொம்ப சந்தோசங்க."

"அது செத்தவருக்குக் குடுத்த வாக்கு. நீங்க உயிரோட நிக்கிறீங்க. அப்புறம் அது எப்படிச் செல்லும்? நான் ஒண்ணை நினைச்சுல்ல சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பூமி பிளந்தால் குதித்திருப்பேன். வாய்க்காலில் ஏற்கெனவே காரியஸ்தர் இருந்தார்.

"எம் பொண்ணு மாசக்கணக்கா வீட்ல ஒண்ணு சொல்லிக்கிட்டிருக்குங்க," என்றார் அப்பா, மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "சொன்னவரு என்ன நினைச்சுச் சொன்னாருங்கறது முக்கியம் இல்லையாம். கேட்டவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கங்கறதுதான் முக்கியமாம். பிரெஞ்சுக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்களாம். நாங்க உள்ளூர் ஆளுன்னு எடுத்துக்கிட்டோம்."

முதலில் சிரித்தது அந்த முன்வரிசைப் பெரியவர். பிறகு திடல் முழுவதும் சிரித்தது. அழுத கண்ணோடு சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் சொன்னதை மறுக்க மிராசுதாருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாலையை அப்பா கழுத்தில் போட்டார்.

"கொண்டாந்தது கொண்டாந்தாச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த அறுப்புக்கு லாரி வரவில்லை. (அடுத்த வருஷம் வந்தது. சண்டையும் வந்தது. அது வேறு கதை, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.)

ஆனால் ஒப்பாரி கேட்டவுடனேயே கட்சிக்காரர்கள் அச்சகத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள், அந்த ஆட்களைத் திருப்பிக் கூப்பிட மறந்துவிட்டார்கள். காலையில் வலங்கைமான் கடைத்தெருவில் அப்பாவின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகள். ஆளுங்கட்சி ஒன்று, எதிர்க்கட்சி அதைவிடப் பெரிதாக ஒன்று. இரண்டிலும் அப்பா தங்கள் கழகத்தின் தூண் என்று போட்டிருந்தார்கள். அப்பா கைகட்டி நின்று கடைசி வரி வரை படித்தார். செத்ததில் அவருக்கு வருத்தமில்லை. 'ஆசிறியர்' என்று வல்லின றகரம் போட்டுவிட்டார்களே என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

நான் பிறகு சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்து பட்டம் வாங்கினேன். அதை எழுதியவர்கள் செத்துப்போனதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் என்னிடம் மைக் கொடுப்பதில்லை. என் கல்யாணத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோதுகூட, ஒரு வார்த்தைக்கு மேல் பேசிவிடாதே என்று அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள்.

போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்தில் நன்றி சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லை. எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தேன். முதல் வரிசையில் இருந்த அப்பா கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறு," என்றார். தொண்ணூறை நெருங்குகிறார். கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்து, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். எல்லோரும் தன்னை நன்றாகப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் உட்கார்ந்தார்.

"ம், இப்பப் பேசு," என்றார்.