யானை தின்ற பச்சை இலை

ஒரு காட்டில், ஆற்றங்கரையில் இரண்டு மைனாக்கள் பேசிக்கொண்டது, தண்ணீர் குடிக்க வந்த அணிலின் காதில் விழுந்தது.

"யானை காதுல இருந்த பச்சை இலையைக் காணோம், கவனிச்சியா?"

அணில் தண்ணீரை விட்டுவிட்டு நிமிர்ந்தது. காட்டு விலங்குகளின் சேமிப்பையெல்லாம் வாங்கி முதலீடு செய்வது யானைதான். 'மரம் சாய்ப்பவருக்கு ஒரு கொட்டைகூடத் தர மாட்டேன்' என்ற உறுதிமொழிக்கு அடையாளமாகத்தான் அது காதில் இலை செருகியிருந்தது. அதை நம்பி அணில் தன் வாதுமைக் கொட்டைகளை மொத்தமாகக் கொடுத்திருந்தது.

ஓடிப்போய்க் கேட்டது. "அண்ணே, இலை எங்கே?"

"இருக்கும்மா. வயித்துக்குள்ள இருக்கு. கொள்கைன்னா உள்ள இருந்தா போதும். வெளிய தெரிஞ்சா, 'லாபத்தை விட்டுட்டு என்ன கொள்கை'ன்னு ஆளாளுக்குத் திட்டுறாங்க."

"என் கொட்டையைக் காட்டுப்பன்றிக்குக் கொடுத்துட்டீங்களா?" வேரைத் தோண்டி மரம் சாய்ப்பது பன்றியின் தொழில்.

"சேச்சே! சிங்க ராஜாவுக்கு. அரசாங்கக் கடன் பத்திரம். அதைவிடப் பாதுகாப்பு உண்டா?"

"ராஜா எப்படித் திருப்பித் தருவார்?"

"மரத்தைப் பன்றிக்கு வித்து."

"எந்த மரத்தை?"

யானை தும்பிக்கையால் தலையைச் சொறிந்தது. "ஆத்தோர வாதுமை."

"அது என் வீடு அண்ணே! புள்ளைங்க ரெண்டும் அதுலதான் தூங்குது!"

"அப்படியா? உன் கொட்டைக்கு உன் மரமே ஈடு. இவ்வளவு நெருக்கமான முதலீடு யாருக்கும் அமையாதும்மா."

அணில் அழுத அழுகையில் யானைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி வா, ராஜாகிட்ட அக்கறையோட உரையாடிப் பார்ப்போம்."

குகைக்குப் போய் உரையாடினார்கள்.

"ராஜா, மரமெல்லாம் போனா அடுத்த வருஷம் கொட்டை ஏது? உங்களுக்குக் கடன் யார் தருவா?" என்றது யானை.

சிங்கம் பிடரியைக் கோதிக்கொண்டு யோசித்தது. "நியாயம்தான். அப்போ பசுமைக் கடன் பத்திரம் போடுறேன். அந்தக் கடன்ல மரம் நடுவோம்."

"எங்க நடுவீங்க?" என்றது அணில்.

"அதான் பிரச்சினை. காட்டுல காலி இடமே இல்ல. முதல்ல அந்த வாதுமையைச் சாய்ச்சாகணும்."

பசுமைப் பத்திரம் கிடைத்த பூரிப்பு யானைக்குத் தாங்கவில்லை. திரும்பும் வழியில் அந்த வாதுமை மரத்திலேயே ஓர் இலையைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டது.

அணில் விறுவிறுவென்று மரமேறியது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து, அந்த இலைக்கு அடியில், யானையின் காதுமடலுக்குள் படுக்க வைத்தது.

நீதி: மரத்தில் குடியிருக்காதீர்கள். மரத்தைக் காப்பதாகச் சொல்பவர்மேல் குடியிருங்கள்; அவரை யாரும் சாய்ப்பதில்லை.