பரிவட்டத்தோடு வந்த நெருப்பு

முதலாவதாக வருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த மேடைகளில் முதல் பேச்சாளர் நானாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

இலங்கையில் தெரணியகலைக்கு மேலேயுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தின் முதல் பட்டதாரி நான். வாக்குரிமை, மின்சாரம், பாடசாலை என எல்லாவற்றுக்கும் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட மக்களுக்கு ‘முதல்’ என்ற சொல் எத்தனை பெரியது என்பதை, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் பட்டத்தோடு வந்திறங்கிய அன்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வெடித்த பட்டாசிலேயே உணர்ந்தேன். (உணர்ந்ததோடு நின்றிருக்கலாம்.)

அவ்வருட மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில், முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் பரம்பரையாகக் கோயில் தலைவர் வீட்டுக்கே போவது சமத்துவத்துக்கு முரணானது என்று முக்கால் மணிநேரம் வாதாடினேன். கல்விக்கே அந்த மரியாதை உரியது என்றேன். (கல்வி என்றால் வேறு யார், நான்தான்!) தலைவர் சற்றும் கோபிக்கவில்லை.

“தாராளமா கட்டிக்கங்க தம்பி. எனக்கும் காலு முன்ன மாதிரி இல்ல,” என்றார்.

தலையில் கட்டுவதற்குக் கால் எதற்கு என்று, விளைவுகளை எடைபோடுவதில் வல்லவனான நான் யோசிக்கவில்லை.

திருவிழாவன்று பிற்பகல் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு அழைத்துப் போனார்கள். மேளம் நின்ற இடத்தில், பன்னிரண்டு அடி நீளத்துக்கு நெருப்பு. நான் வெளியூரில் படித்த காலத்தில் தீமிதி ஆரம்பமாகியிருந்தது தெரியும். பரிவட்டம் கட்டியவர்தான் முதலில் இறங்கவேண்டும் என்பது தெரியாது. அவர் இறங்காவிட்டால் வேறு எவரும் இறங்க முடியாதாம். ஒரு மாத விரதத்தோடு மஞ்சள் உடுத்திய முப்பது பேர் என் பாதங்களையே பார்த்து நின்றார்கள். ஆண்களுக்குப் பின்னால் பெண்கள். கடைசியில் என் அம்மா.

“வெரதம் இருந்தீங்கதானே தம்பி?” என்றார் பூசாரி.

முதல்நாள் இரவுதான் கோழிக் கொத்து ரொட்டி சாப்பிட்டிருந்தேன். வேறு வழியின்றிப் பேசத் தொடங்கினேன்.

“அன்பார்ந்த மக்களே! முதலில் செல்வது யார் என்பதா முக்கியம்? ஒரு சமூகம் சேர்ந்து நடப்பதல்லவா…”

“பேச்சு அப்பறம், கால வைங்க சேர்!” என்று ஒரு குரல்.

“நெருப்பு ஆறட்டும்னு பேசுறாரு போல!” என்று இன்னொரு குரல். (உண்மை.)

வரிசையின் கடைசியிலிருந்து அம்மா விறுவிறுவென்று வந்தார்.

“குனிடா.”

குனிந்தேன். பரிவட்டத்தை அவிழ்த்துத் தன் தலையில் கட்டிக்கொண்டார். பூசாரி பதறிப்போனார்.

“பொம்பள முன்னால போறதாம்மா?”

“இருவது வருசமா விடியக்கால வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுல பேர் குடுக்க மொத ஆளா நிக்கிறேன் சாமி. அப்ப யாரும் கேக்கலியே!”

“வழிய விடுங்க,” என்று தலைவரே ஒதுங்கி நின்றார்.

ரப்பர் பால் வாளியைத் தளும்பவிடாமல் சுமக்கும் அதே நடையில், அவசரமில்லாமல் அம்மா நெருப்பைக் கடந்தார். பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். என் கண்கள் கலங்கின. (கேட்டவர்களிடம் புகை என்றேன்.) மறுவருடம் முன்வரிசைக்குப் பெண்களும் பெயர் கொடுத்தார்கள்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, “எங்க தோட்டத்துலயே மொத மொதல்ல…” என்று ஆரம்பிப்பார். நான் அடக்கமாகப் புன்னகைக்கத் தயாராவேன்.

“…முன்னால நின்னு நெருப்பு மிதிச்ச பொம்பள நான். இவன் படிச்சவன். ஓரமா நின்னு பேசுனான்.”