மூன்றே முக்கால் பேர்

‘நம் கூரை’ ஞாயிறு இணைப்பிதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, அல்லது அம்மையீர் (இதழில் எங்கு தேடியும் உங்கள் பெயரைக் காணவில்லை, போட வெட்கமாக இருந்திருக்கும்),

வணக்கம். நலம் விசாரித்துவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும் என்று கான்வென்ட் பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எனவே, நலமா? உங்கள் அலுவலகத்தில் அனைவரும் நலமா? சந்தோஷம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிறு மூன்றாம் பக்கத்தில் ‘உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் தேவை?’ என்ற தலைப்பில் ஒரு கட்டட ஆலோசகர் எழுதியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கும் படமும் இருந்தது. அவருக்குப் பின்னால் தெரிந்த வீட்டில் ஒரு செருப்போ, காயப்போட்ட துண்டோ, மனிதர் வாழ்வதற்கான வேறு தடயமோ இல்லை. போகட்டும். ‘வசதி’ என்ற சொல்லை ‘வசிதி’ என்று இரண்டு இடத்தில் அச்சிட்டிருந்தீர்கள். அதற்குத் தனிக் கடிதம் எழுதுவேன். என்னால் பொறுக்க முடியாதது, கட்டுரைக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்த அட்டவணை. ஓர் ஆளுக்கு இருநூறு சதுர அடி. வயதுவந்தவர் என்றால் ஒன்று. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் முக்கால். அதற்குக் கீழே என்றால் அரை. எழுபது வயதைத் தாண்டியவர் என்றால், ‘நடமாட்டம் குறைவு என்பதால்’, அரை.

எனக்கு எழுபத்திரண்டு.

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர்: நான், என் மகன், மருமகள், ‘கொசு’ என்று எல்லோரும் கூப்பிடும் ஏழு வயதுப் பேத்தி. ஐந்தாவது ஆள் அடுத்த மாதம் பிறக்கப்போகிறார். வீடு என் கணவர் எனக்கு விட்டுப்போனது. ஒரு காலத்தில் இதே வீட்டில் ஏழு பேர் இருந்தோம். இன்பமாக இருந்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். குளியலறை வாசலில் தினமும் சண்டை. ஆனால் அந்த ஏழு பேரில் யாரையும் யாரும் பின்னமாக்கவில்லை. இப்போது முன்பக்கத்து அறை என்னுடையது. பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு ஜன்னல், அதனடியில் எழுதும் மேசை, ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். உலகத்திலேயே நான் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு அது ஒன்றுதான். குளியலறைக் கதவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதைக் கொசு தட்டுவாள்.

அந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது மகன் உங்கள் இதழைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு ஓரத்தில் எழுதிச் சத்தமாகக் கூட்டினான்.

“நான் ஒண்ணு, இவ ஒண்ணு, கொசு முக்கா, வரப்போறது அரை, அப்புறம் இன்னொரு அரை. மொத்தம் மூணே முக்கா. எழுநூத்தி அம்பது அடி வேணும். நம்ம வீடு அறுநூத்தி எழுபத்தெட்டுதான். பெரிய வீடா வாடகைக்குப் பார்த்துப் போயிட வேண்டியதுதான்.”

“அந்த இன்னொரு அரை யாருடா?” என்று கேட்டேன்.

மகன் சோற்றைப் பிசைவதில் மும்முரமானான். கொசு மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “பாட்டி, அது நீதான்!” என்றாள், பரிசு கிடைத்ததுபோல.

“அது சும்மா கணக்குக்குத்தான் அத்தை” என்றாள் மருமகள்.

“கணக்குக்குத்தானே நானும் கேக்கறேன். எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?”

“அம்மா, நானா சொல்றேன்? பேப்பர்ல போட்டிருக்கான்” என்றான் மகன். “இன்னும் பார்க்கப்போனா உனக்கு நூறு அடிதான். உன் ரூமே நூத்தி இருபது. உன்கிட்ட இருபது அடி அதிகமாவே இருக்கு.”

ஆசிரியரே, எங்கள் கணக்கு சிஸ்டர் கண்டிப்பானவர். ஆட்கள் சம்பந்தப்பட்ட கணக்கில் விடை பின்னமாக வந்தால் கணக்கே தப்பு, அழித்துவிட்டு முதலிலிருந்து போடு என்பார். ஏழரைத் தொழிலாளிகள் ஒரு சுவரைக் கட்டி முடித்தார்கள் என்று எழுதியதற்காக என் பக்கத்துப் பெண்ணை ஒரு மணி நேரம் நிற்கவைத்தவர். ஆகவே நானும் முதலிலிருந்து போட்டேன். மறுநாள் காலை நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டை நானே அளந்தேன். என் மகன் செயற்கைப் பல் செய்பவன்; ஊரார் வாயை அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறவன். தொழிலிலும் அளப்பான், வீட்டில் சாப்பிடும்போதும் அளப்பான். ஆனால் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள மூன்றுக்கு நான்கு நடைவழியை விட்டுவிட்டான். வீடு அறுநூற்றுத் தொண்ணூறு. அவன் கணக்குப்படியே பற்றாக்குறை அறுபது அடிதான். சொன்னேன். “சரிம்மா” என்றான். சரிம்மா என்றால் காதில் விழவில்லை என்று பொருள். சனிக்கிழமை வீட்டுத் தரகரை வரச் சொல்லியிருக்கிறான் என்பது கொசு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ஒரு சாக்பீஸை எடுத்தேன். எனக்குரிய நூறு அடி வீட்டில் எந்த இடத்தில் என்று உங்கள் ஆலோசகர் சொல்லவில்லை, எனவே இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். கூடத்தில், வாசல் கதவையும் உள்ளடக்கி, பத்துக்குப் பத்து, நான்கு மூலையும் நேராகக் கோடு போட்டு, நடுவில் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், ஆனால் யாரும் கேட்காமல் உள்ளே வரக் கூடாது என்று அறிவித்தேன். சோபாவில் பாதியும் தொலைக்காட்சி முழுவதும் என் பக்கம் வந்துவிட்டன. அது என் தவறல்ல.

முதலில் கொசு வந்தாள். கோட்டுக்கு வெளியே நின்று, “பாட்டி, உள்ள வரலாமா?” என்றாள்.

“என்ன வேலையா?”

“சும்மா.”

“சும்மா வர்றவங்களுக்கு அனுமதி இல்லை.”

கொஞ்சம் யோசித்தாள். “என்கிட்ட நூத்தி அம்பது இருக்கு. நான் ஸ்கூலுக்குப் போற நேரத்துல நீ அதை வெச்சுக்கோ.” அந்த வாரம் முழுவதும் இந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். அவள் தயவு சீக்கிரமே தேவைப்பட்டது. குளியலறை என் எல்லைக்கு வெளியே இருந்தது. பத்து மணி வரை மானத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் முடியாமல், அவளிடம் கேட்டு அவள் நிலத்தின் வழியாகப் போய்வந்தேன்.

பத்தரைக்குத் தரகர் வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் கோட்டைப் பார்த்து அப்படியே நின்றார்.

“அம்மா, பெயின்ட் ஏதும் அடிச்சிருக்கீங்களா?”

“இல்லை. எல்லை. நீங்க நிக்கறது என் இடம். கேட்டுட்டு வரலாம்.”

“வரலாங்களா?”

“வாங்க.”

பயந்து பயந்து வந்து சோபாவின் என் பாதியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். “வீட்டுல வயசானவங்க எத்தனை பேருங்க?” என்றார்.

“எழுதிக்கோங்க. அரை.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “அரைன்னா... அம்மாவுக்கு உடம்புக்கு என்னங்க?”

அதற்குள் உள்ளேயிருந்து மகன், “வாங்க, வாங்க” என்று ஓடி வந்தான். கையில் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ஒரு முழு செட் பல். கோட்டை மிதிக்காமல் தாண்டப் பார்த்தான். இதுவரை அம்மா சொன்ன எந்தக் கோட்டையும் மதிக்காதவன், மதித்த முதல் தடவையே நாற்காலிக் காலில் தடுக்கி விழுந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் வரிசைப் பல் மட்டும் உருண்டு வந்து என் காலடியில் சிரித்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அம்மா, அதைக் குடு. பன்னண்டு மணிக்கு அந்த ஆள் ஊருக்குப் போறார்.”

“என் எல்லைக்குள்ள விழுந்தது. முதல்ல கணக்கைத் திருத்து.”

“பாவம்மா, பல்லு” என்றார் தரகர்.

“எனக்கு இருபத்தொன்பது பல் சொந்தமா இருக்கு. இருந்தும் நான் அரை. இதுக்குப் பாவம்னு யாராவது சொன்னீங்களா?”

உங்கள் இதழின் ஓரத்திலேயே மகன் என் பெயருக்கு நேரே இருந்த அரையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினான். பல்லைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே மறுபடி கூட்டினான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “பார்த்தியா? இப்போ நாலே கால். எண்ணூத்தி அம்பது. நீ அளந்த கணக்குப்படியே பார்த்தாலும் நூத்தி அறுபது அடி பத்தலை!”

கவனியுங்கள். நான் அரையாக இருந்தால் அறுபது அடி குறைகிறது. முழு மனுஷியானால் நூற்றறுபது குறைகிறது. நான் எவ்வளவுக்கு எவ்வளவு ஆளாகிறேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு என் வீடு சின்னதாகிறது. உங்கள் ஆலோசகர் இந்தப் பொறியைத் தெரிந்து வைத்தாரா, தெரியாமல் வைத்தாரா என்று விசாரித்து எழுதவும். தரகருக்கு ஒரே குஷி. நோட்டில் நான்கு பக்கம் தள்ளிப் புரட்டி, “அப்போ ஆயிரம் அடிக்கே போயிடலாங்க. பெரியவங்களுக்குன்னே தனி ரூம் இருக்கு. ஜன்னல் கிடையாது, ஆனா தூசியே வராது பாருங்க” என்றார்.

“அதுக்கு வீடு எதுக்கு? பெட்டியே போதுமே” என்றேன். அவர் என் அனுமதி கேட்காமலே வெளியேறினார்.

இவ்வளவு நேரமும் மருமகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க இது தெரிகிறதா, அது தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, சண்டையைக்கூடக் கேள்வியாகத்தான் போடுவாள். தரகர் போனதும் என் கோட்டருகே வந்து நின்றாள். “உங்களுக்கு இஷ்டமில்லன்னா நாம எங்கயும் போக வேண்டாம் அத்தை. தொட்டிலை எங்க போடறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

தொட்டில் நான்கடிக்கு இரண்டரை. பத்தே பத்து சதுர அடி. உங்கள் இதழின் தாள்களை அந்த அளவுக்கு ஒட்டி வைத்திருந்தாள். குனிய முடியாத மாதம். காகிதத்தைக் காலால் தள்ளிக்கொண்டே வீடு முழுக்க நடந்தாள், நான் எல்லையை விட்டு எழுந்து பின்னாலேயே போய் மடங்கிய மூலைகளைக் குனிந்து நிமிர்த்தினேன். “இங்க நல்லாருக்கா அத்தை, இல்ல இங்கயா?” கூடத்தில் கதவு இடித்தது. அவர்கள் அறையில் அலமாரி திறக்கவில்லை. சமையலறையை அவள் கேட்கவுமில்லை, நான் பார்க்கவுமில்லை. கடைசியில் என் அறை. ஜன்னலடியில், என் மேசை இருக்கும் இடத்தில், நான்குக்கு இரண்டரை கச்சிதமாக வந்தது. அவள் காகிதத்தைச் சட்டென்று காலால் இழுத்துக்கொண்டாள்.

“இது வேண்டாம் அத்தை. வேற இடம் பார்க்கலாம்.”

“பார்வை சோதிக்கறவ நீ. வேற இடம் உன் கண்ணுக்குத் தெரியுதா?”

அவள் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஜன்னலடியிலேயே வந்து நின்றது.

“அப்புறம் என்ன? அவனைக் கூப்பிடு, மேசையைத் தூக்கட்டும். தாழ்ப்பாள் மட்டும் என் பொறுப்பு. வரப்போற ஆளும் நானும் உள்ளே இருப்போம். மத்தவங்க தட்டிட்டு வாங்க.”

அவள் அழுதாள். அந்த மாதத்தில் எதற்கும் அழுவார்கள், நான் பொருட்படுத்தவில்லை.

ஆக, இந்தக் கடிதத்தைச் சமையல் மேடையில் வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். வரிகள் சாய்ந்திருந்தால் அது என் கையின் குற்றமல்ல. இனி என் தீர்ப்பைச் சொல்கிறேன்: ஐந்து பேருக்கு, ஐந்து முழுப் பேருக்கு, இந்த அறுநூற்றுத் தொண்ணூறு அடி போதும். நாங்கள் எங்கும் போகப்போவதில்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது யார் எதை நகர்த்தத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதற்கு அட்டவணை கிடையாது. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘எழுபது வயதைத் தாண்டியவரும் ஒன்றே’ என்று திருத்தம் போட்டு, மன்னிப்பும் கேட்க வேண்டும். உங்கள் ஆலோசகர் என் வீட்டுக்கு வந்து, நான் காலை ஐந்தரையிலிருந்து நடக்கும் நடையைப் பின்னாலேயே நடந்து பார்த்துவிட்டு நடமாட்டத்தைப் பற்றி எழுதட்டும். வந்தால் தேநீர் தருகிறேன். அரை டம்ளர்.

உங்களுக்கும், உங்கள் வீட்டில் இருக்கும் எல்லா வயது முழு மனிதர்களுக்கும், கையைக் காலை நீட்டித் தூங்க இடமும் நிம்மதியும் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
எண்ணிக்கை: ஒன்று.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் சம்பந்தியம்மா, அதாவது மருமகளின் தாயார், தொலைபேசியில் பேசினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து ஆறு மாதம் இருக்கப்போகிறாராம். “எனக்கென்ன சம்பந்தி பெருசா இடம் வேணும்? தொட்டில் பக்கத்துல ஒரு மூலையில சுருண்டுக்குவேன்” என்றார். தொட்டில் இருப்பது என் அறையில். சுருண்டுகொள்கிறவர் சென்ற முறை ஐந்து பெட்டியும் ஒரு தையல் மெஷினும் கொண்டுவந்தார். தாழ்ப்பாள் போட்டால் மூச்சு முட்டும் என்றும் சொல்லிவிட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. உங்கள் கணக்கில் அவர் ஒன்று. ஆகவே மேலே நான் கேட்டது எதையும் செய்ய வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், அட்டவணையை எடுக்க வேண்டாம், நான் அரையாகவே இருந்துவிட்டுப்போகிறேன். எழுபது என்று இருப்பதை மட்டும் அறுபத்தைந்து என்று திருத்தி இந்த ஞாயிறே போட்டுவிடுங்கள். அவர் திங்கட்கிழமை வருகிறார்.