கழற்றுவதற்கு ஒரு ஜோடி செருப்பு

சளக். ஒரு காட்டில், குளத்துச் சேற்றிலிருந்து ஒரு நாரை காலைப் பிடுங்கிய சத்தம் அது. பிடுங்கியவள் அம்மா. கேட்டவள் மகள் செண்பகவல்லி. சத்தத்துக்குப் பின் நெடுநேரம் ஒன்றுமிருக்காது. அம்மா ஒற்றைக் காலில் நிற்பாள். கிழவியான பிறகும் செண்பகவல்லியின் காதில் அது இருந்தது.

அந்தக் காட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. வயதான பிராணிகள் தடுக்கி விழுகின்றனவாம். வெறுங்கால் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கே இனிமேல் குளத்தில் அனுமதி. குளமில்லையென்றால் நாரைக்கு மீனில்லை. செண்பகவல்லியும் பயிற்சிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றாள், ஒற்றைக் காலில்தான்.

வாசலில் குரங்கு. "செருப்பைக் கழட்டி வச்சிட்டு உள்ள போ, பெரியம்மா."

"நான் செருப்பே போட்டதில்லையேப்பா."

"கழட்டாம எப்படி வெறுங்கால்னு எழுதுறது? செருப்பு டோக்கன் நம்பர் கேக்குதுல்ல ஃபாரத்துல?"

பயிற்சி முடித்து வெளியே வந்த கிழக்கரடி தன் செருப்பைத் தள்ளிவிட்டது. "இந்தா, இதை மாட்டிக் கழட்டு செண்பகம். இவன்கிட்ட நியாயம் பேசினா பொழுதுதான் போவும்."

மாட்டினாள், கழற்றினாள், டோக்கன் வாங்கினாள். உள்ளே நரி அதிகாரி, "பத்து விநாடி ஒத்தைக் கால்ல நில்லுங்கம்மா" என்றார். நின்றாள். அவர் டீ குடித்தார், கொஞ்சம் தூங்கினார், விழித்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"சரி. இதுக்கு முன்னாடி எத்தனை தடவை விழுந்தீங்க?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப முன்னேற்றம்னு எதைக் காட்டுறது? மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க. விழுந்துட்டு வாங்க."

"எப்படிங்க விழறது?"

"அதெல்லாம் தானா வரும்."

வந்தது. கரடியிடம் திருப்பிக் கொடுக்க அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாம் படியில் இடது கால் முறிந்தது.

மறுநாள் கட்டுப்போட்ட காலைத் தூக்கியபடி வந்து நின்றவளைப் பார்த்து நரிக்கு முகமெல்லாம் பல். "முன்பு விழுந்தார். இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறார்" என்று எழுதி முத்திரை குத்தினார். சுவரொட்டிக்குப் படமும் எடுத்தார்கள்.

சேற்றில் இறங்க இரண்டு கால் வேண்டும். சான்றிதழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செண்பகவல்லி பதினொரு நாள் கரையிலேயே நின்றாள். பன்னிரண்டாம் நாள் செத்துக் கிடந்தாள். சான்றிதழ் வருகிற ஆடி வரைக்கும் செல்லும்.

நீதி: நிற்கத் தெரிந்தவர்கள், உரிய அதிகாரி கேட்பதற்கு முன்பே, காலாகாலத்தில் விழுந்து வைப்பது நல்லது.