வாசக மதினியும் இரண்டு புலிகளும்

ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று யாராவது சொன்னால் பேட்டையே மாடிக்கு ஓடும். எங்கள் காம்பவுண்டு வாசக மதினி மட்டும் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்பார்: "அறிவிப்புல என்ன போட்டிருக்கு? வரும்னா, வரலாம்னா?"

நான் அப்படியில்லை. வரலாம் என்றாலே அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, மகள் மீனுவையும் ஏற்றிவிடலாமா என்று யோசிப்பவள். மீனுவின் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அதனால் வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதும் என் தலையில்.

மதினி ஜாக்கெட் தைப்பவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்; எதிலும் எழுதியிருக்கிற வாசகத்தையே பிடித்துக்கொள்வதால் எல்லோருக்கும் வாசக மதினி. ஒரு பெண் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து "இத மாதிரியே தைச்சிருங்க" என்றால், "இந்தக் கக்கத்துக் கிழிசலும் வேணுமா?" என்று சிரிக்காமல் கேட்பார்.

வீட்டுக்கார அண்ணாச்சி ஒருநாள், "பத்து மணிக்கு மேல் கேட் திறக்கப்படாது" என்று போர்டு மாட்டினார். மதினி முன்னதாகவே கேட்டை விரியத் திறந்து, செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டார். "பத்துக்கு முந்தியில்லா தெறந்தேன் அண்ணாச்சி!" அண்ணாச்சி போர்டை "கேட் சாத்தப்படும்" என்று மாற்றினார். "சாத்தியாச்சே. பூட்டணும்னு போடலியே. சாத்துதது வேற, பூட்டுதது வேற." அண்ணாச்சி போர்டையே கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் பிள்ளைகளின் கார்டு விளையாட்டு சிக்கியது.

கடையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிற மிருகக் கார்டுகள்தான். மேலே படம், கீழே எறும்பு ஊர்வதுபோல் இரண்டு வரி இங்கிலீஷ். பிள்ளைகள் படத்தைப் பார்த்து ஆடுவார்கள். மதினி வரியைப் பார்த்து ஆடுவார். துணி வெட்டும் மேசைதான் களம். ஐம்பதைத் தாண்டியவர், எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு கார்டு விட்டுக்கொடுக்க மாட்டார்.

எல்லாச் சண்டையும் புலியில்தான் வரும். இரண்டு விதமான புலிக் கார்டு உண்டு. படம் அச்சு அசல் ஒன்றே. மஞ்சள் கரை போட்ட புலி இறங்கினால், களத்தில் உள்ள வேறு ஒரு மிருகத்தை விரட்டலாம். பச்சைக் கரை போட்ட புலி இறங்கினால், வேறு ஒரு மிருகத்தை விரட்டியே ஆக வேண்டும். எதிராளியிடம் ஒன்றும் இல்லையென்றால் நம் மிருகத்தையே.

"ரெண்டும் ஒரே புலிதான மதினி?" என்று மேல்வீட்டுப் பயல் ஒருமுறை கேட்டுவிட்டான்.

"ஏலே, ஒங்க அப்பனும் பெரியப்பனும் ஒரே சாடைதான். அதுக்காவ ரெண்டு பேரு சம்பளத்தையும் ஒங்கம்மையா வாங்குதா?"

அவன் அம்மா அன்று முழுக்கக் குழாயடிக்கு வரவில்லை.

ஜெயித்தவர், தோற்றவரின் கார்டுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது மேசை வழக்கம். மீனுவிடம் ஒரு மீன்கொத்தி இருந்தது. அவள் அப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்தது; தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவாள். "ஞாயித்துக்கிழம ஒங்கூட ஆடுதேன்ட்டி. அந்த மீன்கொத்தி மேல எனக்கு ஒரு கண்ணு" என்று மதினி சொல்லிவிட்டார்.

 தோற்றால் மீனு அழுவாள். அழுதால் வாந்தி, வாந்தி எடுத்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, நான் மஸ்கட்டுக்கு என்ன பதில் சொல்வேன்? மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஒரே ஒரு தடவ பிள்ளைட்ட தோத்துக் குடுங்க மதினி."

"எந்தக் கார்டுல அப்படிப் போட்டிருக்கு? காட்டு, தோக்கேன்." சொன்னதோடு நிற்காமல் தன் கார்டுக் கட்டையும் தூக்கிக் கொடுத்தார். "தாராளமா வாசி."

வாசித்தேன். பிள்ளைக்கு மருந்து கொடுக்குமுன் பாட்டிலை வாசிப்பதுபோல், மதினியின் கட்டையும் மீனுவின் கட்டையும் இரண்டிரண்டு தடவை.

ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றிக் காம்பவுண்டே நின்றது. தன் முறையில் கார்டு இறக்க முடியாதவர் தோற்றவர் என்பது விதி. கடைசியில் களத்தில் மதினியின் யானை மட்டும் நின்றது. மீனுவின் கையில் மிச்சம் மீன்கொத்தி ஒன்றுதான். யானை நிற்கும்வரை பறவை இறங்க முடியாது. மீனுவின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

மதினியின் கையிலும் ஒரே கார்டுதான். அந்த நேரம் பார்த்து வாசலில், "ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சாச்சா?" என்று ஒரு குரல். "வைக்கேன், வைக்கேன்" என்றபடியே புலியை இறக்கிவிட்டு மதினி எழுந்தார். "முடிஞ்சுது. எடுட்டி மீன்கொத்திய."

நான் பார்த்தேன். பச்சைக் கரை. ஒருவேளை மஞ்சளோ? மறுபடி பார்த்தேன். பச்சைதான். வாசக மதினியிடம் வாசகம் பேசுவதா?  மீனு கார்டை நீட்டப் போனாள்.

"மதினி..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இந்தப் புலி... விரட்டியே ஆகணும்னுல்லா போட்டிருக்கு. யானையத் தவிர வேற மிருகம் இல்லையே."

 மதினி புலியைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். பிறகு என்னை வாசித்தார்.

"எத்தன மட்டம் படிச்ச?"

"ரெண்டு மட்டம் மதினி. மொத மட்டம் படிச்சதுல சந்தேகம்."

"ஏளா மீனு அம்மா! பயந்தாங்குளின்னுல்லா ஒன்ன நெனச்சிட்டேன். நீ எனக்கு மேல இருக்கியே!" அளவு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி மேசையில் அடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் கையாலேயே யானையை எடுத்தார். மீனு மீன்கொத்தியை இறக்கினாள். மதினியின் கை காலி. பரிசாக மீனு அந்தப் பச்சைப் புலியையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது மதினி களக்காட்டில், மலையடிவாரத்தில், தம்பி வீட்டுத் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். அங்கே சிறுத்தை வருமாமே என்று கேட்டால், "பாரஸ்ட்காரன் போர்டுல வரலாம்னுதாம்ளா போட்டிருக்கு" என்கிறார். எனக்கு வரலாம் என்றாலே வரும்தான். தினமும் பொழுது சாயும்போது போன் செய்கிறேன்.

"கதவு?"

"சாத்திட்டேம்ளா."

"சாத்துதது வேற மதினி."

 அந்தப் பக்கம் செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். அப்புறம், தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் நான் போனை வைப்பேன்.