எரிமலைக்கு எல்லாரும் வரலாம்

எரிமலையின் வாயருகில் நாற்பது பேருக்குச் சோறு பரிமாற இடம் இருக்குமா? இந்தக் கேள்வி காதில் விழுந்த அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டவர் அதைப் பகிடிக்காகக் கேட்கவில்லை. அதுதான் சிக்கல்.

கனடாவின் மொன்றியலில் ஒருவகை மனிதர்கள் வாழ்கிறார்கள். எந்தக் குளிருக்கும் அழியாத இனம். ‘எல்லாருக்கும் சொல்லுபவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். நான்கு பேர் செய்யவேண்டிய ஒரு காரியத்தை இவர் காதில் போட்டுப் பாருங்கள். அவருடைய கண் கூரைக்குப் போகும், உதடு சத்தமில்லாமல் அசையும். யாருக்குச் சொல்லாமல் விட்டால் யார் கோவிப்பார் என்று மனதுக்குள் ஊரையே சுற்றிவருகிறார் என்று அர்த்தம். ‘ஒரு சொல்லுச் சொல்லாமல் விட்டால் நல்லா இருக்காது’ என்பது அவருடைய மந்திரம். பிறந்தநாள், வீடு குடிபூரல், சாமத்தியவீடு, செத்தவீடு, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். எரிமலைக்கு?

ஏன் பொருந்தாது என்று கேட்டவர்தான், நகரத்து ஓரத்தில் இல்-பிசார் தீவில் வசிக்கும் யோகேந்திரன்.

எரிமலை முதலில் அவருடையது அல்ல. அவருடைய தம்பி மகள் நிருஷாவுடையது. நிருஷா கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் மூக்குத் துடைக்கும் வேலை பார்ப்பவள். சிலி நாட்டின் வில்லாரிக்கா எரிமலையில் அவளுக்கு ஒரு பித்து. விடிய முன்னர் புறப்பட்டு, ஆணிச் சப்பாத்துப் போட்டுப் பனிச் சரிவில் ஏறி, உச்சியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பொழுதுபட முன்னர் இறங்கிவிடவேண்டும். அதற்காகத் தோழி ஜொய்சியோடு சேர்ந்து, முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு, மார்கழிக் குளிரில் மொன்-ருவாயால் மலைப் படிகளில் மூச்சுவாங்க ஏறி இறங்கினாள். கெஞ்சிக் கூத்தாடி மாசியில் ஒரு கிழமை விடுப்பும் வாங்கிவிட்டாள். அதை விட்டால் அந்த வருடத்தில் வேறு விடுப்பு இல்லை.

தாய் சிவாஜினி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “பெரியப்பா கூட வந்தால் போ. இல்லாட்டி அந்தக் கதை வேண்டாம்.”

பெரியப்பா உடனே ஓம் என்றார். சந்தோஷத்தில் நிருஷா அவரைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்ததால் அவருடைய கண் கூரைக்குப் போனதை அவள் காணவில்லை.

அன்றைக்கே அவர் தன் பழைய வேலைத்தள நண்பர் அருமைராசாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அருமை, எரிமலைக்குப் போறம். வாறியோ?”

“எனக்கு முழங்கால் மாத்தினதெல்லோ அண்ணை?”

“தெரியும். ஆனா பேந்து கேள்விப்பட்டுக் கோவிக்கக்கூடாது.”

“சீச்சீ, நீங்கள் இவ்வளவு மதிச்சுக் கேக்க நான் வராமல் விடலாமே? வாறன்.”

இப்படித்தான் அது வளர்ந்தது. அருமைராசாவுக்குச் சொன்னால் அவருடைய சம்பந்திக்குச் சொல்லவேண்டும். சம்பந்திக்குச் சொல்லிவிட்டுச் சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரரை விடலாமா? கிழமை முடிய முன்னர் வாட்சப்பில் ‘எரிமலைக் குடும்பம்’ என்றொரு குழு பிறந்தது. அதில் காலை வணக்கங்களும் பூப்படங்களும் வந்து குவிந்தன. எரிமலை மட்டும் எப்போதாவது தலைகாட்டியது.

கூட்டங்கள் யோகேந்திரன் வீட்டு நிலக்கீழ் அறையில் நடந்தன. தன் வீடு இருக்கும் சென்-மிஷேலிலிருந்து மெத்ரோவில் ஏறி, பஸ்ஸில் ஏறி, இன்னொரு பஸ்ஸுக்காகக் குளிரில் விறைத்து, மிச்சத் தூரத்தைப் பனியில் நடந்து நிருஷா அங்கே போய்ச் சேருவாள். வில்லாரிக்காகூட இவ்வளவு கரைச்சல் தராது என்று நினைத்துக்கொள்வாள். உள்ளே போனால் மீன் றோல்ஸும் தேத்தண்ணியும், நாற்பது பேரும்.

“சின்னப் பிள்ளையளுக்குப் பால் சூடாக்க வசதி இருக்கோ?”

“எரிமலையிலை சூட்டுக்கு என்ன குறை?”

“எல்லாரும் ஒரே நிறத்திலை ரீசேட் போடுவம். சிவப்பு.”

“சிவப்பெண்டால் நெருப்புக்குள்ளை ஆளைத் தெரியாது. பச்சை அடிப்பம்.”

“பெரியப்பா, அங்கை நச்சுப் புகை வரும். அதுக்கெண்டு முகமூடி போடவேணும்,” என்றாள் நிருஷா.

“அதுக்கென்ன பிள்ளை, கொரோனாவுக்கு வாங்கினது பெட்டியோடை கிடக்கு.”

அப்போதுதான் பெரியம்மா புஷ்பராணி, கையில் கரண்டியோடு, அந்தச் சோற்றுக் கேள்வியைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிலர் யோசித்தார்கள்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வழிகாட்டிகளிடமிருந்து மடல் வந்தது. நிருஷா எல்லோர் முன்னாலும் வாசித்தாள். நல்ல உடல்பலம் உள்ள எட்டுப் பேரை மட்டுமே ஏற்றுவார்கள். பெயர்களை நாளைக்கே அனுப்பவேண்டும்.

யோகேந்திரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நூறு பேருக்கு எத்தனை கோழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதருக்கு, ஒரே ஒரு பெயரை வெட்டத் தெரியவில்லை.

“ஆரை விடுறது?” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “ஒருத்தரை விட்டிட்டுப் போறதைவிட, ஒருத்தரும் போகாமல் விடுறதுதான் மரியாதை. கோடை வரட்டும். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை தண்ணிக்கரையிலை ஒரு பார்பகியூ போடுவம்.”

முதலில் கைதட்டியவர் அருமைராசா. பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவ்வளவு நிம்மதி! போக விரும்பியவர் அங்கே யார்? அவர்கள் கோவிப்பார்கள் என்று இவர் கூப்பிட்டார். இவர் கோவிப்பார் என்று அவர்கள் வர ஒத்துக்கொண்டார்கள். எரிமலையை விரும்பிய ஒரேயொரு பிள்ளை றோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள். அழுதாள் என்றும் சொல்லலாம். சிவாஜினி கோப்பை கழுவுவதை நிறுத்தவில்லை.

“ஜொய்சி வாறாளோ?”

“அவள் ரெடி.”

“கூட்டிக்கொண்டு போற ஆக்கள் நம்பிக்கையானவையோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப போ. ஒருத்தருக்கும் சொல்லாதை.”

எங்கள் சனத்துக்குள்ளே எரிமலையைவிட ஆபத்தானது இந்தக் கடைசி வசனம்.

இரண்டு பெண்களும் போனார்கள். பாதிச் சரிவில் ஜொய்சி நிருஷாவை வாயில் வந்தபடி திட்டினாள். கால்கள் நடுங்கின. கந்தகப் புகை தொண்டையைப் பிடித்தது. ஆனாலும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நிருஷா முகமூடியை இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெகு ஆழத்தில், கறுப்புப் பாறைக்கு நடுவே, சிவப்பாக ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. அதைப் பார்க்கும்போது அவளுக்கு ஒருவருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குத் தெரியுமா?

அவள் திரும்பி வந்த மறுநாள் பின்னேரம், எப்படியோ கேள்விப்பட்டு, யோகேந்திரன் வாசலில் வந்து நின்றார். குளிர்ச் சட்டையைக் கழற்றவில்லை. மலை எவ்வளவு உயரம், விழுந்தாயா, பயமாயிருந்ததா, ஒன்றும் கேட்கவில்லை.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை.”

“சொல்லியிருந்தால் போயிருக்கேலாது பெரியப்பா.”

அவர் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். அது போன பிறகும் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சரி. ஆனா ஆரும் கேட்டால், எனக்கு மட்டும் சொல்லிப்போட்டுத்தான் போனனீ எண்டு சொல்லு. என்ன?”

நிருஷா பாவம் பார்த்து ஓம் என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாசிக்கும்போதே, ‘இது அச்சொட்டாக நம்முடைய இன்னார்தான், அவருக்கு அனுப்பவேண்டும், அவருக்கு அனுப்பினால் மைத்துனருக்கும் அனுப்பவேண்டும், மைத்துனரை நினைத்துவிட்டுச் சின்னம்மாவை விடமுடியுமா’ என்று மனம் ஓடியிருந்தால், வருத்தத்தோடு சொல்கிறேன், அந்த இனத்தில் நீங்களும் ஒருவர். இனி ஒளித்துப் பயனில்லை. எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். யோகேந்திரனுக்கும்தான். வேறு யாரும் சொல்லிக் கேள்விப்பட்டால் கோவிப்பார்.